பாய்க்குக் கீழே கிடந்த காணிக்கைக் காசு

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என் பேத்தி ரூத் தன் எச்சிலையே விழுங்க முடியாமல் என் தோளில் கிடந்தாள். இரண்டு வயதுப் பிள்ளை. வாயோரம் நூல்போல வழிந்துகொண்டே இருந்தது. என் சட்டை நனைந்து, பனியன் நனைந்து, தோலில் ஈரம் தெரிந்தது. எங்கள் வீட்டு ஹால் நிறைய விசுவாசிகள் கையை உயர்த்தி நன்றிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு இருந்த ஆபத்து போய்விட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவளைப் பெற்றவள் ஒருத்திதான் நினைக்கவில்லை.

அன்றைக்கு ஆண்டவர் செய்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் மகன் திருத்தித் தந்தான். மற்றதெல்லாம் என் சொந்தப் பேச்சு.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மீசை முளைக்காத வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை நடைபாதையில் பூட்டும் சாவியும் விற்றவன் நான். இரவில் முதலாளி கடைச் சாக்கின் மேல் படுத்தேன். இன்றைக்கு அதே தெருவில் எனக்குச் சொந்தமாக இரும்புச் சாமான் கடை இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் மூன்று மாடி வீடு இருக்கிறது. ஒருவரும் தூக்கிவிடவில்லை. கலவரத்தில் கடை எரிந்தபோதுகூட யாரிடமும் போய் நிற்காமல் திரும்பக் கட்டினேன். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். ஏனென்றால் இப்படிப்பட்டவனையும் ஆண்டவர் ஒரே மத்தியானத்தில் எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு இரண்டாம் மாடி ஹாலை ஆண்டவருடைய காரியத்துக்கென்றே பெரிதாகக் கட்டினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே உபவாச ஜெபம் நடக்கும். மட்டக்குளியில் இருந்தும் கிருலப்பனையில் இருந்தும்கூட ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். காலையில் தொடங்கினால் மத்தியானம் தாண்டி முடியும். முடிந்த பிறகுதான் தேநீரும் பணிசும். இடையில் யாரும் எழும்புவதில்லை. அது நான் வைத்த ஒழுங்கு.

இன்னொரு வழக்கமும் உண்டு. காணிக்கைப் பை சுற்றி வரும்போது சின்னப் பிள்ளைகளின் உள்ளங்கையில் ஒரு காசுக்குத்தியை வைத்து மூடிவிடுவோம். கொடுக்கிற பழக்கம் சின்னதிலேயே வரவேண்டும் அல்லவா? ரூத்துக்கு இது பெரிய விளையாட்டு. பை வரும் வரைக்கும் கையை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போட்டுவிட்டுக் கை தட்டுவாள்.

அன்றைக்கும் நானே அவளுடைய கையில் ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றை வைத்தேன். காணிக்கைப் பாட்டுத் தொடங்கியது. எல்லாரும் கண்ணை மூடினோம். பாட்டு பாதியில் இருக்கும்போது பிள்ளைக்குப் புரையேறும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். ரூத் பாயை விட்டு எழும்பி, சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்று, கழுத்தை நீட்டி ஓங்கரித்தாள். முகம் சிவந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. என் மனைவி பாக்கியம் ஓடிப் போய்க் கையை விரித்துப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது.

"ஐயோ, காணிக்கைக் காச முழுங்கிட்டாளே!"

மருமகள் சுகந்தி சமையலறையில் இருந்து ஓடி வந்தாள். அவள் யாழ்ப்பாணத்துப் பெண், படித்தவள். கலியாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே கேக் செய்து ஓடருக்குக் கொடுக்கிறாள். பிள்ளையைத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது. மூச்சு நன்றாக வந்தது. அழுகையும் அடங்கியது.

யாரோ காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டச் சொன்னார்கள். இன்னொருவர் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கப் பண்ணச் சொன்னார். நான் இரண்டையும் செய்ய விடவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்.

"ஒருத்தரும் பயப்படாதீங்க. நானும் சின்ன வயசுல ரெண்டு சதம் முழுங்கினவன்தான். எங்கம்மா ரெண்டு வாழைப்பழமும் ஒரு சோத்து உருண்டையும் குடுத்துச்சு. மறுநாள் காலையில காசு வெளியில. பாக்கியம், கதலிப்பழம் இருக்கா?"

"அந்த ரெண்டு சதத்த எத்தன தரம்தான் முழுங்குவீங்க!" என்றாள் பாக்கியம். அந்தப் பதற்றத்திலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பழத்தைக் கொண்டு வந்தார்கள். ரூத் வாங்கவில்லை. நான் மசித்து உதட்டில் வைத்தேன். நாக்கால் தள்ளிவிட்டாள். தண்ணீர் கொடுத்தோம். ஒரு மிடறு உள்ளே போனதும் முகத்தைச் சுளித்து, நெஞ்சில் கையை வைத்து, அப்படியே திருப்பி வழிய விட்டாள். அதற்குப் பிறகுதான் எச்சில் வடியத் தொடங்கியது.

"மாமா, பிள்ளை எச்சில் விழுங்கிறாள் இல்லை. பாருங்கோ" என்றாள் சுகந்தி. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"பொறும்மா. காசு இறங்கிற நேரம் அப்பிடித்தான் இருக்கும். ஜெபம் நடந்துக்கிட்டு இருக்கு. பாதியில எழும்பிப் போகலாமா?"

"ஜெபத்தை ஆஸ்பத்திரியிலயும் பண்ணலாம்தானே மாமா?"

எல்லாருக்கும் முன்னால் மருமகள் அப்படிக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. பாஸ்டர் ஐயா இடையில் வந்தார். அவர் வயதில் என் மகனுக்கும் இளையவர், சாந்தமான மனிதர். "முதல்ல பிள்ளைக்காக ஜெபிப்பம் ஐயா. பிறகு போறதப் பத்திக் கதைப்பம்" என்றார். பிள்ளையின் தலையில் கையை வைத்து அவர் ஜெபித்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"ஆண்டவரே, இந்தக் குழந்தைக்குள்ள இருக்கிறது என்ன எண்டு உமக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. நீரே காட்டும்."

அவ்வளவுதான். நீளமான ஜெபம் இல்லை. நானென்றால் கால் மணி நேரம் ஜெபித்திருப்பேன்.

ஆமென் சொல்லி எல்லாரும் எழும்பினார்கள். பிள்ளையைக் கிடத்த இடம் வேண்டும் என்று எலிசபெத் அக்கா ஒரு பாயை இழுத்தார். எங்கள் கூட்டத்திலேயே மூத்த சகோதரி அவர். பாய் நகர்ந்ததும் டைல்ஸ் தரையில் கணீரென்று ஒரு சத்தம். மஞ்சள் நிறத்தில் ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்று உருண்டு வந்து பாஸ்டர் ஐயாவின் காலடியில் விழுந்தது.

எல்லாரும் அந்தக் காசையே பார்த்தார்கள். பிறகு எலிசபெத் அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கினார். "ஸ்தோத்திரம்! ஆண்டவர் காச வெளியில எடுத்துட்டாரு!"

ஹாலே அதிர்ந்தது. அழுகிறவர்கள் அழுதார்கள், முழங்காலில் விழுகிறவர்கள் விழுந்தார்கள். யாரோ நன்றிப் பாட்டைத் தொடங்கினார்கள். கையில் தட்டுகிற தம்புரின் மேளச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு மயிர் கூச்செறிந்தது. என் வீட்டில், நான் கட்டின ஹாலில், என் பேத்திக்கு அதிசயம்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் எழும்பிச் சொல்லப்போகும் சாட்சியின் முதல் வரியைக்கூட மனதில் பிடித்துவிட்டேன். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நானும் பாடினேன்.

சுகந்தி பாடவில்லை. அவள் குனிந்து காசை எடுத்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கு நடுவே என்னிடம் வந்து, பாட்டுச் சத்தத்தில் கேட்கவேண்டும் என்று என் காதருகே சொன்னாள்.

"மாமா, காசு காய்ஞ்சு கிடக்கு. ஒரு பொட்டு எச்சில் இல்லை. இது வாய்க்குள்ள போகவே இல்லை."

"என்னம்மா சொல்ற? ஆண்டவர் செஞ்சத சந்தேகப்படுறியா?"

"இல்லை மாமா. பிள்ளையப் பாருங்கோ."

நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. என் தோள்தான் நனைந்துகொண்டிருந்ததே! காசு வெளியே வந்துவிட்டதென்றால் பிள்ளை ஏன் இன்னும் விழுங்காமல் இருக்கிறாள்? ஒரு பக்கம் பாட்டு. ஒரு பக்கம் இந்த ஈரம். சகோதரர்களே, அந்த இடத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இத்தனை பேர் ஆண்டவரைத் துதிக்கும்போது நிறுத்து என்று சொல்ல நான் யார்? அதிசயம் இல்லை என்று சொன்னால் விசுவாசம் இல்லாதவன் ஆகிவிடுவேனா? ஆனால் பிள்ளையின் நெஞ்சு என் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அவள் எச்சிலை விழுங்க ஒவ்வொரு தரம் முயலும்போதும் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. அது எனக்குள் வந்து அடித்தது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

பாட்டு நின்றது. தம்புரின் மட்டும் இரண்டு தரம் கூடத் தட்டிவிட்டு நின்றது.

"காசு உள்ளுக்குப் போகல. வேற என்னவோ போயிருக்கு."

அப்போதுதான் சுகந்தியின் முகம் மாறியது. அவள் சாப்பாட்டு மேசைக்கு ஓடினாள். அங்கே ஒரு சின்னத் தட்டு இருந்தது. தட்டில் ஒன்றும் இல்லை. அன்று காலையில் கேக்குக்கு மா நிறுக்கும் தராசுக்கு அவள் புதுப் பற்றரி போட்டிருக்கிறாள். காசுபோல வட்டமாக, வெள்ளி நிறத்தில் இருக்குமே, அந்தச் சின்னப் பற்றரி. பழையதைப் பிறகு எறியலாம் என்று அந்தத் தட்டில் வைத்திருக்கிறாள். அதற்குள் ஜெபத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"பற்றரி மாமா. பற்றரியை விழுங்கிப்போட்டாள்."

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போதும் பெரிய பயம் வரவில்லை. "செத்த பற்றரிதானே? அதுல என்ன இருக்கு?" என்றேன். ஆனால் சுகந்தி அதற்குள் எங்கள் வீதி முனையில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டாக்டருக்குப் போன் எடுத்துவிட்டாள். அந்த டாக்டரின் குரல் எங்களுக்கே கேட்டது. அவர் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். அன்றைக்குக் கத்தினார்.

"பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு இப்பவே ஓடுங்க. இங்க கொண்டு வந்து நேரத்த வீணாக்க வேணாம். வாந்தி எடுக்கப் பண்ணாதீங்க. சாப்பாடு, பால் ஒண்டும் குடுக்காதீங்க. ஒரு வயசு தாண்டின பிள்ளைதானே? வீட்டில தேன் இருந்தா கையில எடுங்க. ரெண்டு டீஸ்பூன் குடுங்க. பத்துப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா, போற வழியில குடுங்க. தேனுக்காக ஒரு நிமிசமும் நிக்காதீங்க. வாசல்லயே பற்றரி எண்டு சொல்லுங்க!"

பாக்கியம் சமையலறைக்கு ஓடிப் போத்தல் ஒன்றைக் கொண்டு வந்தாள். சுகந்தி முகர்ந்து பார்த்துவிட்டு, "மாமி, இது கித்துள் பாணி! தேன் வேணும், தேன்" என்றாள். நம்முடைய வீடுகளில் தேனும், கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சின இந்தப் பாகும் ஒரே மாதிரிப் போத்தலில்தானே கிடக்கின்றன? மட்டக்களப்பில் இருந்து வந்த தேன் அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது. நான் எட்டி எடுத்தேன்.

எலிசபெத் அக்கா படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவசரப்பட்டுட்டேனே ஐயா. காசப் பாத்ததும் அப்பிடித்தான் நினைச்சேன்."

"நீங்க பாய இழுக்காட்டி நாங்க இன்னும் வாழைப்பழத்தோட இருந்திருப்பம் அக்கா" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அதுதான் உண்மை.

பாஸ்டர் ஐயா கதவைத் திறந்து விட்டார். "நீங்க போங்க ஐயா. நீங்க போன் எடுக்கிற வரைக்கும் நாங்க முழங்கால விட்டு எழும்ப மாட்டம்."

எனக்குச் சொந்த வேன் இருக்கிறது. ஆனால் அது மகனோடு கடையில் இருந்தது. தெரு முனைக்கு ஓடி, நின்ற முதல் த்ரீவீலரில் ஏறினோம். "மல்லி, ளமயாட்ட அமாருய், இக்மன் கரன்ன!" என்றேன். தம்பி, பிள்ளைக்குச் சுகமில்லை, சீக்கிரம் என்று சிங்களத்தில் சொன்னதும் அந்தச் சிங்களப் பொடியன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவன் ஓட்டின ஓட்டத்தை நான் என் ஆயுளில் கண்டதில்லை. கொட்டாஞ்சேனையின் ஒடுக்கமான வீதி, லொறி, தள்ளுவண்டி, வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் கூட்டம். எல்லாவற்றுக்கும் நடுவே ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு போனான். அந்தச் சத்தத்துக்கு மேலாக நாங்கள் ஆண்டவரைக் கூப்பிட்டுக் கத்தினோம்.

சுகந்தி டீஸ்பூனால் தேனைப் பிள்ளையின் வாயில் விட்டாள். பாதி வழிந்தது. மீதி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பாக்கியத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பயத்தில் மனிதர் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல்தானே பேசுகிறோம்.

"புள்ள இருக்கிற வூட்டுல அதப் போய்த் தட்டுல வைப்பாங்களா? கேக்கு கேக்குன்னு..."

சுகந்தியின் கரண்டியில் இருந்த தேன் அவளுடைய மடியில் சிந்தியது. எனக்குக் கோபம் வந்தது.

"பாக்கியம், வாய மூடு. அந்தத் தராச வாங்கிக் குடுத்தவன் நான். புறக்கோட்டையிலேயே நல்ல தராசுன்னு சொல்லிக் குடுத்தேன். குத்தம் சொல்றதுன்னா என்னைச் சொல்லு."

பாக்கியம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, கரண்டி பிடித்திருந்த சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கரண்டித் தேனை இரண்டு பேரும் சேர்ந்துதான் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பற்றரி என்று சொன்னதும் எங்களை வரிசையில் நிற்க விடவில்லை. நேரே எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு இளம் டாக்டர் அம்மா, சிங்களப் பெண், படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். பிள்ளையின் சின்னச் சின்ன விலா எலும்புகளுக்கு நடுவில், தொண்டைக்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக ஒரு வட்டம்.

"சீயா, நல்லாப் பாருங்க" என்று சிங்களத்தில் சொன்னார். சீயா என்றால் தாத்தா. எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. "காசாக இருந்தால் ஒரே வட்டமாகத் தெரியும். இதில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரிகிறது. இது பற்றரி. உணவுக் குழாயில் சிக்கி நிற்கிறது."

"அது வேல செய்யாத பழைய பற்றரி டாக்டர்" என்றேன்.

"தராசுக்குத்தான் அது வேலை செய்யாது. பிள்ளையின் ஈரமான தசையைச் சுடுவதற்கு அதில் இன்னும் சக்தி இருக்கிறது. இந்த நிமிடமும் சுட்டுக்கொண்டு இருக்கிறது. வயிற்றுக்கு இறங்கிவிட்ட சில பொருட்களை நாங்கள் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். இங்கே சிக்கிய பற்றரிக்குக் காத்திருக்க முடியாது. உள்ளே ஓட்டை விழுந்தால் பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய் இருக்கிறது."

மறுநாள் காலையில் வெளியில் வரும் என்று சொன்னேனே. நாளைக்காலை வரைக்கும் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் அம்மா என் கையைத் தொட்டு, "பய வென்ன எபா சீயா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். பயப்பட வேண்டிய இடத்தில்தான் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கவேண்டும் என்றார்கள். சுகந்தி கையெழுத்துப் போட்டாள். ஒரு நர்ஸ் மிஸ்ஸி ரூத்தைத் தூக்கிக்கொண்டு ஒப்பரேஷன் தியட்டர் கதவுக்குள் போனாள். ரூத் அழவில்லை. அழுவதற்குக் குரலும் இல்லை. கையை மட்டும் எங்கள் பக்கம் நீட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

அன்பானவர்களே, அந்தக் கதவுக்கு வெளியே ஒரு நீட்டு வாங்கு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே ஒரு முஸ்லிம் தாய் தன் பிள்ளைக்காகத் தஸ்பீஹ் மணியை உருட்டி ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. மூன்று மாடியும் தெரியாது, கடையும் தெரியாது. வாழ்நாள் முழுக்க எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்தவன் என்று பேர் எடுத்தவன் நான். சாவி தொலைந்தவர்கள் பொலிஸ் நிலையத்தில் இருந்துகூட என்னைத் தேடி வருவார்கள். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. தள்ளினால் திறக்கும். ஆனால் நான் உள்ளே போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நான் சத்தமாக ஜெபிக்கிறவன். எங்கள் கூட்டத்தில் மைக் இல்லாமல் ஜெபிக்கிறவன் நான் ஒருவன்தான். அன்றைக்கு என் வாயில் சத்தம் வரவில்லை. "ஆண்டவரே, உள்ள என்ன இருக்குன்னு காட்டினீங்க. காட்டினவரே எடுத்தும் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். வேறு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் சுகந்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பாவாடையெல்லாம் தேன். நான் அவள் தலையில் கையை வைத்தேன்.

"மாமா, நான்தானே..." என்று தொடங்கினாள்.

"நீதான்மா" என்றேன். "நீதான் காச தொட்டுப் பாத்த. அங்க இருந்த ஒருத்தருக்கும் தோணல. ஜெபிச்சவருக்கும் தோணல, பாடினவங்களுக்கும் தோணல, எனக்கும் தோணல. ஆண்டவர் அந்தப் பதில உன் விரல்லதான் வச்சாரு."

அவள் அப்போதுதான் அழுதாள். அதுவரைக்கும் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

மகன் கடையைப் பூட்டாமலே ஓடி வந்து சேர்ந்தான். அவன் வந்து மூச்சு வாங்குவதற்குள் கதவு திறந்தது. டாக்டர் அம்மா முகமூடியைக் கீழே இறக்கினார். கையில் மூடி போட்ட சின்னக் கிண்ணம். அதற்குள் அந்தப் பற்றரி. ஒரு பக்கம் வெள்ளி நிறமே இல்லை, கறுத்துப் போயிருந்தது.

"எடுத்துவிட்டோம். உள்ளே புண் இருக்கிறது. ஓட்டை இல்லை."

ஓட்டை இல்லை! அந்த ஒரு சொல்லுக்கு நான் என் மூன்று மாடியையும் கொடுப்பேன். தரையில் முழங்காலில் விழுந்தேன். பாஸ்டர் ஐயாவுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் இன்னும் முழங்காலில்தான் இருந்தார்களாம். அங்கே பாட்டுச் சத்தம் போனில் கேட்டது. இந்த முறை நான் நிப்பாட்டச் சொல்லவில்லை.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். பற்றரியை எடுத்த பிறகும் சுட்ட புண் கொஞ்ச நாள் ஆழமாகிக்கொண்டே போகலாம். இரத்தம் வரலாம். ஆறும்போது தழும்பு இறுகி, உணவுக் குழாய் ஒடுங்கிப் போகலாம். அப்படியென்றால் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் வார்டில் வைத்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தார்கள். வாயால் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளை பிஸ்கட் சாப்பிடும்போது ரூத் பார்த்துக்கொண்டே இருப்பாள். சுகந்தி அவளைத் திருப்பி மடியில் போட்டுக்கொள்வாள். நான் கடைக்குப் போகாமல் தினமும் அங்கேதான் கிடந்தேன். அந்த நாட்களில் நாங்கள் அதிசயத்தைக் கேட்கவில்லை. இரத்தம் வராமல் இருக்கவேண்டும் என்று கேட்டோம். ஒவ்வொரு பொழுதும் விடியும்போது அதற்காக நன்றி சொன்னோம்.

பிறகு ஒருநாள் வெள்ளை மருந்து ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே திரையில் பார்த்தார்கள். எனக்கும் காட்டினார்கள். மெல்லிய வெள்ளைக் கோடு. சிக்கிய இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் ஒடுங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வழுக்கிக்கொண்டு கீழே போய்விட்டது. கசிவு எங்கும் இல்லை.

குழாயைக் கழற்றிய அன்று சுகந்தி ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தாள். ரூத் வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். வலிக்கும் என்று பிள்ளைக்குப் பயம். நாங்கள் நான்கு பேரும் அவளுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்து அசைந்தது. விழுங்கினாள்.

"இன்னும்" என்றாள்.

இன்றைக்கு அவள் ஆராதனைக்கு வருகிறாள், பணிஸ் சாப்பிடுகிறாள், என்னோடு சண்டை பிடிக்கிறாள். வளரும் வரைக்கும் இடைக்கிடை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காட்டுகிறோம்.

என் வீட்டிலும் சில காரியங்கள் மாறின. பற்றரி போடும் சாமான் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து, மூடிக்கு ஸ்குரூ இல்லாததையெல்லாம் வெளியே போட்டேன். பழைய பற்றரியைக் கழற்றின கையோடே இரண்டு பக்கமும் டேப் சுற்றி, பிள்ளை எட்டாத டின்னில் போட்டு மூடுகிறோம். என் கடையில் அப்படிச் சாமான் வாங்குகிற ஒவ்வொருவருக்கும், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். வியாபாரம் கெட்டுப் போகும் என்றான் மகன். போகட்டும் என்றேன். போகவும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது கையில் காசு கொடுப்பதில்லை. தாய் தகப்பனோடு சேர்ந்து காணிக்கைப் பையைத் தொடுகிறார்கள், அவ்வளவுதான். உபவாச ஜெபத்தின் இடையில் யாருக்காவது எழும்ப வேண்டி வந்தால் எழும்பிப் போகலாம். அந்த ஒழுங்கை வைத்தவன் நான், எடுத்தவனும் நான்.

சிலர் என்னிடம் கேட்டார்கள், "டாக்டர்மார் எடுத்த பற்றரிக்கு நீங்க ஏன் ஆண்டவருக்கு நன்றி சொல்றீங்க?" என்று. நான் படிக்காதவன், ஆனால் இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று காட்டும்படி நாங்கள் கேட்டோம். ஆமென் சொல்லி முடித்த இடத்திலேயே காட்டினார். காசு வெளியே வந்தது என்று நாங்கள் பாடினோம். காசு உள்ளே போகவே இல்லை என்பதுதான் அவர் தந்த பதில். எங்களுக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொண்டு, அவர் தந்ததைப் பாயோடு சேர்த்துச் சுருட்டி வைக்கப் பார்த்தோம். அவர் விடவில்லை. ஒரு தாயின் விரல், ஒரு டாக்டரின் கத்தல், ஒரு சிங்களப் பொடியனின் ஹோர்ன், ஒரு பெண்ணின் கையில் இருந்த குழாய் என்று ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஆகையால் இதை வாசிக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, என்னைப் போன்ற தாத்தாமாரே, அவரை நம்புங்கள். ஒருநாள் உங்கள் பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டு, எச்சில் வடிந்து, சாப்பிடாமல் நெஞ்சைப் பிடித்தால், என்ன விழுங்கியது என்று தெரியாவிட்டாலும் வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தூக்குங்கள். செருப்புப் போடும்போதே ஜெபத்தைத் தொடங்குங்கள். உட்கார்ந்து ஜெபித்தால்தான் அவருக்குக் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையில் இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், அந்த ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில், ஓடுகிற த்ரீவீலரில் இருந்து கத்தின எங்கள் ஜெபமும் அவருக்குக் கேட்டது.